எல்லையில் சுழியம்

ரோஸ்டாக்கில் நவம்பர். நான்கு மணிக்கே இருட்டு.
திரையில் ஒரு தலை சாம்பல் நிறத்தில் சுழல்கிறது.
பதினெட்டு லட்சம் நான்முகிகளாக அதை நறுக்கி வைத்திருக்கிறேன்.
ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்:
வெண்பொருள் இவ்வளவு மின்சாரம் கடத்தும்,
சாம்பல்பொருள் அதைவிடக் கொஞ்சம் வேறாக,
மூளையைச் சூழ்ந்த உப்புநீர் எல்லாவற்றையும் மிஞ்சும்.
வெளிவிளிம்பில் மின்னழுத்தம் சுழியம் என்று எழுதினேன்.
எங்காவது நிறுத்தத்தானே வேண்டும்.

கோப்பின் பெயர் பி-நாற்பத்தொன்று.
ஆளுக்குப் பெயர் கெஸீனா பாலோ,
பல் மருத்துவர், ஐம்பத்தெட்டு வயது.
வலது கட்டைவிரல் ஆடத் தொடங்கிய வாரமே
ஊசியைக் கீழே வைத்தவர்.

மொச்சைக்கொட்டை அளவுகூட இல்லாத ஒரு கரு.
அதன் முதுகில் மின்முனை அமர வேண்டும்.
உள்ளே சரிந்தால் பார்வை இரண்டாகும்,
வெளியே சரிந்தால் கன்னம் இழுக்கும்.
இரவெல்லாம் கணினி முனகியது.
காலையில் சொன்னது: மூன்றாம் தொடுமுனை,
வினாடிக்கு நூற்றுமுப்பது துடிப்பு.

பிப்ரவரியில் சாதனத்தை முடுக்கினார்கள்.
நான் கதவோரம் நின்றேன்.
கோப்பைக்கும் தட்டுக்கும் நடுவே
நான்கு வருடமாக ஓயாமல் நடந்த பேச்சு
பாதிச் சொல்லில் நின்றது.
அவர் தேநீரைக் குடிக்கவில்லை.
கோப்பையைப் பிடித்தபடியே இருந்தார்.
நாங்கள் கட்டுரை எழுதினோம்.

ஜூலையில் வார்னமுண்டக் கடற்கரை.
சிறுமியாய் இருந்த நாள் முதல்
கோடைதோறும் மிதவைவரை போய்த் திரும்புகிறவர்
இடுப்பளவில் குனிந்து முன்னே சாய்ந்தார்.
கைகள் வந்தன. கால்கள் வந்தன.
ஒன்றாக வரவில்லை.
துடுப்புப் படகு வாடகைக்கு விடும் பையன்
நீச்சலுடையின் பட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டான்.

"பேச்சுக்கு ஒரு தாளில் கையெழுத்து வாங்கினீர்கள்,
மனநிலைக்கு இன்னொன்று.
தண்ணீரைப் பற்றி யாரும் கேட்கவில்லையே" என்றார்,
என் திரைக்கு முன்னால், கோட்டைக் கழற்றாமல்.
சிவப்பாய் ஒரு மேகத்தைச் சுழற்றிக் காட்டினேன்:
இதுதான் உங்கள் நடுக்கம் நின்ற இடம்.
"நீச்சல் எங்கே?"

அதற்கென்று ஒரு நெடுவரிசை நான் வைக்கவில்லை.
அவர் போன பிறகு
மின்னோட்டத்தைக் குறைத்தேன், தொடுமுனையை மாற்றினேன்,
துடிப்பை அகலமாக்கினேன், ஒடுக்கினேன்.
முந்நூற்றுப் பன்னிரண்டு ஓட்டங்கள்.
எல்லாமே விடை சொல்லின.
ஒன்றிலும் ஈரமில்லை.

செப்டம்பரில் மருத்துவர் பத்து நிமிடம் ஒப்புக்கொண்டார்.
இடுப்பளவு ஆழம், கூட ஓர் ஆள் நிற்க வேண்டும்.
நான் வருகிறேன் என்றேன், ஏன் என்று யோசிக்காமல்.
ரொட்டி வைக்கும் உறையில் சுற்றிய ரிமோட்டை
நெஞ்சுக்குழியருகே வைத்து அழுத்தினார்.
'உறுதியா?' என்று கேட்டது. மறுபடி அழுத்தினார்.

முதலில் கட்டைவிரல்.
வாடகை பாக்கி வைத்துப் போன பழைய குடித்தனக்காரன்
தன் சாவியாலேயே கதவைத் திறந்ததுபோல
நடுக்கம் உள்ளே வந்தது.
ரிமோட்டை என்னிடம் திணித்துவிட்டு
தண்ணீரில் படுத்தார்.

போனார்.
ஆடிக்கொண்டே ஒரு கை, அதன் பின்னால் மறு கை,
அழகென்று சொல்ல மாட்டேன், ஆனால் போனார்.
ஸ்வீடன் கப்பல் எழுப்பிய அலை அவரைத் தூக்கி இறக்கியது.
ஏழாம் நிமிடம் கூப்பிட்டேன். காது தண்ணீரில்.
ஒன்பதாம் நிமிடமும் முகம் அந்தப் பக்கம்தான்.
ரிமோட் இங்கிருந்து எட்டாது,
ஒரு கை தூரத்துக்கு மேல் அது வெறும் பிளாஸ்டிக்.
கால்விரல்கள் மரத்தபடி நான் நின்ற இடத்தில்
என் கணக்கு முடிந்திருந்தது.

பதினோராம் நிமிடம் திரும்பி வந்தார்.
மன்னிப்புக் கேட்கவில்லை.
துண்டுக்குள் மொத்த உடலும் உதறியது,
பற்கள் ஒன்றோடொன்று மோதின.
இதில் குளிர் எவ்வளவு, நோய் எவ்வளவு?
ரிமோட்டை நீட்டினேன்.

"பொறுங்கள்," என்றார்,
"இன்னும் போட வேண்டாம்."